முட்டி வலி என்று வந்த பையன்

தர்மபுரி பக்கம் எலும்பு மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஓபியில் கூட்டம் மொய்க்கிற ஒரு திங்கட்கிழமை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. "இடது முட்டி வலிங்கறான் சார், ஒரு மாசமா. ஸ்கூல்ல விளையாடறப்ப விழுந்தானாம்" என்றார். பையன் முழங்காலின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினான். முட்டியை மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். எந்தக் குறையும் இல்லாத முட்டி. அடிபட்ட வலி, போய்விடும் என்று சொல்லி, பத்து நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடப் படியில் இறங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இடது கால் வலதைவிடக் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இந்த முறை இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்தோம். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பள்ளிப் பாடத்தில் பந்துகிண்ண மூட்டு என்று படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலைதான் அந்தப் பந்து. வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் தலைக்கும் எலும்பின் கழுத்துக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பட்டை உண்டு. உயரம் கிடுகிடுவென்று ஏறும் வயதில் அந்தப் பட்டை உறுதி குறைந்து இருக்கும். உடம்பு பருமன் என்றால் அதன்மேல் இறங்கும் பாரமும் அதிகம். கோன் ஐஸில் மேலே இருக்கும் உருண்டை சரிகிற மாதிரி, தலையும் கழுத்தும் மெல்ல மெல்ல விலகும். வாரக்கணக்கில், சத்தமே இல்லாமல் நடக்கும். வலி சில பிள்ளைகளுக்கு இடுப்பில் தெரியவே தெரியாது. ஆப்டுரேட்டர் என்கிற நரம்பு இடுப்பு மூட்டுக்கும் கிளை விடுகிறது, முழங்காலின் உள்பக்கத்துக்கும் கிளை விடுகிறது. அதனால் மேலே கிளம்பிய வலியை மூளை கீழே இருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

இதெல்லாம் நான் படித்ததுதான். 'பிள்ளைக்கு முட்டி வலி என்றால் இடுப்பைப் பார்' என்பது எங்கள் பாடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் திங்கட்கிழமை அவனைப் படுக்க வைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மடக்கியிருந்தால் போதும். கால் நேராக வராமல் தானாக வெளிப்பக்கம் புரண்டிருக்கும். அரை நிமிட வேலை. இடுப்பு எக்ஸ்ரேயில் எலும்புக் கழுத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், அது தலையின் ஒரு ஓரத்தையாவது வெட்டிக்கொண்டு போக வேண்டும். க்ளைன் கோடு என்பார்கள். வெட்டாமல் போனால் தலை நழுவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் பிடித்திருந்தால் ஒரு ஸ்க்ரூ போட்டு அப்படியே நிறுத்தியிருக்கலாம். என்னிடம் திரும்பி வந்தபோது முழுக்க நழுவி, தலைக்குப் போகும் ரத்தமும் தடைப்பட்டிருந்தது. ஆபரேஷன் செய்தும் தலையின் ஒரு பகுதி செத்துப்போனது.

எல்லாவற்றையும் அவன் அப்பாவிடம் சொன்னேன், நான் முதல் தடவை பார்க்கத் தவறியதையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. "அவன் முட்டியத்தானே சார் காட்டினான்" என்றார். எனக்காகப் பரிந்துதான் அப்படிச் சொன்னார். பதினேழு வருடம் ஆகியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

அதற்கப்புறம் நோயாளி காட்டும் இடத்தோடு நான் நிற்பதில்லை. வலிக்கும் மூட்டுக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் தொட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. நம் பேச்சு வேறு இதில் சிக்கலைக் கூட்டும். கால் என்றால் நமக்குத் தொடையிலிருந்து விரல் நுனி வரைக்கும் கால்தான். கை என்றால் தோளிலிருந்து விரல் வரை. இடுப்பு என்று ஒருவர் சொன்னால் அது முதுகின் அடியாக இருக்கலாம், பக்கவாட்டாக இருக்கலாம், தொடை இடுக்காகக்கூட இருக்கலாம். "இடுப்பு வலி" என்று ஓபி சீட்டில் எழுதியிருந்தால் எனக்கு எதுவும் எழுதாத மாதிரிதான். "ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்பேன். விரல் ஒரே இடத்தில் நிற்கிறதா, உள்ளங்கை முழுக்கப் பரவுகிறதா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண நோய்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வயதானவர்களின் முழங்கால் தேய்மானம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலிக்கும் இளம் தாய்மார்கள். தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்கித் தலை சீவ முடியாமல் வருகிறவர்களுக்கு நான் முதலில் எழுதுவது சர்க்கரைச் சோதனை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதையே தோள் வலிக்காக வந்த இடத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்லும் ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய.

முதுகு வலிக்காரர்கள் பலர் இப்போது கையில் எம்ஆர்ஐ கவரோடுதான் வருகிறார்கள். "ஜவ்வு விலகிடுச்சாம் சார்" என்று படத்தை நீட்டுவார்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் அந்த ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. வலி இல்லாதவர்களுக்கே இப்படி! அதனால் கவரை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த நேரத்துல வலிக்குது?" என்பதுதான்.

வேலை செய்தால் வலி, படுத்தால் சுகம் என்றால் பெரும்பாலும் பயமில்லை. இருபத்தைந்து வயதுப் பையன், விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு பிடித்துக்கொண்டு விழிப்பு வருகிறது, எழுந்து நடமாடினால்தான் தளர்கிறது என்றால் என் காது நிமிர்ந்துவிடும். அவனிடம் அடுத்து, கண் எப்போதாவது சிவந்து வலித்திருக்கிறதா என்று கேட்பேன். "முதுகுக்கும் கண்ணுக்கும் என்ன சார்?" என்பான். முதுகெலும்பை மூங்கில் கழி மாதிரி இறுக்கிவிடும் அந்த வாதநோய், கண்ணிலும் அழற்சியை உண்டாக்கும். ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். நோய் தொடங்கிப் பெயர் தெரிவதற்குள் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. அதுவரை அவர்கள் பெல்ட்டும் தைலமும் வைத்துக்கொண்டு, "சின்ன வயசுல என்னடா முதுகு வலி" என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இரவில் வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்று சேர்ந்து வந்தால் காசநோயைச் சந்தேகிப்பேன். நுரையீரலுக்கு வருவது முதுகெலும்புக்கும் வரும். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779இல் அந்த நோயால் முதுகில் விழும் கூனையும், அதோடு கால் விழுந்துபோவதையும் விவரித்து எழுதினார். ஒருவர் தொடை இடுக்கில் கட்டி என்று, குடலிறக்கம் ஆபரேஷனுக்குத் தயாராகி வந்தார். கட்டியில் சூடு இல்லை, சிவப்பு இல்லை. முதுகைத் தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் துள்ளினார். முதுகெலும்பில் ஊறிய சீழ், தசையின் உறைக்குள்ளேயே வழிந்து இறங்கித் தொடை இடுக்கில் தலைகாட்டியிருந்தது. மாத்திரையிலேயே குணமானார். நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டு முதுகெலும்புக் காசநோயிலிருந்து மீளலாம் என்று உலகத்துக்குக் காட்டியதில் சென்னையில் நடந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நோய் வந்த குழந்தைகளை 15 வருடம் விடாமல் கவனித்து, நோய் ஆறிய பிறகும் யாருக்குக் கூன் கூடிக்கொண்டே போகும் என்று எக்ஸ்ரேயில் முன்கூட்டியே சொல்லும் அடையாளங்களை 2001இல் எழுதியவர் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன். நம் ஊர்க் குழந்தைகளின் முதுகிலிருந்து கற்ற பாடம் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

எங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முதுகைப் பார்ப்பதற்கு முன் வாயைப் பார்க்க வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயது விவசாயி ஒருவர். கழுத்தைத் திருப்பாமல், கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். குனிந்து செருப்பை எடுக்க முடியாது. முதுகு வாதம் என்று வேறோர் இடத்தில் சொல்லி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். சொல்லிவிட்டுச் சிரித்தார். பற்களில் குறுக்கே காவிக் கோடுகள், நடுநடுவே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகள். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குப் பல் பளிச்சென்று இருந்தது. அவர் வேறு மாவட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பால்பல் விழுந்து முளைக்கும் பல், ஈறுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் என்ன தண்ணீர் குடித்தோமோ அதன் கறையைத்தான் ஏற்கும். வளர்ந்தபின் எவ்வளவு குடித்தாலும் பல் காட்டிக்கொடுக்காது. எலும்பு மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கும்.

முதுகு வலிக்கு அவருக்கு நான் எடுக்கச் சொன்னது முன்கை எக்ஸ்ரே. எக்ஸ்ரே எடுக்கும் தம்பி, சீட்டில் தப்பாக எழுதிவிட்டேனோ என்று திரும்பி வந்து கேட்டுவிட்டுப் போனார். முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடும், நடுவில் மெல்லிய சவ்வு. சாதாரணமாக எக்ஸ்ரேயில் அந்தச் சவ்வு தெரியவே தெரியாது. இவருக்கு அது எலும்பின் ஓரத்திலிருந்து ரம்பப் பல் மாதிரி வெள்ளையாக நீட்டிக்கொண்டு நின்றது. ஃபுளோரைடு. பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் கரைந்து வருவது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1937இலேயே மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த நோயைக் கண்டு எழுதிவிட்டார்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல வீடுகளுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் பழைய எலும்பில் ஏறியது சீக்கிரம் இறங்காது. காட்டில் வேலை செய்யும்போது போர் தண்ணீரை அப்படியே குடிக்கும் பழக்கமும் போகவில்லை. இவர் அதுவரை விழுங்கிய மாத்திரைகளில் ஒன்றுக்கும் இந்த நோயோடு சம்பந்தம் கிடையாது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு மாவட்ட மருத்துவர் தன் காலத்தில் பலமுறை பார்க்கக்கூடியவை. இனிச் சொல்லப்போவதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

முப்பத்தெட்டு வயதுப் பெண். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு. மல்பெரித் தழை அறுத்துச் சுமப்பது, தட்டு மாற்றுவது என்று காலையிலிருந்து நிற்கிற வேலை. மூன்று வருடமாக உடம்பு வலி. முதலில் பாதம், அப்புறம் முதுகு, அப்புறம் தொடை. போன இடங்களில் எலும்பு பலவீனம் என்றார்கள், ரத்தம் குறைவு என்றார்கள். ஒரு இடத்தில் எல்லாம் மனசுதான் என்றும் சொல்லிவிட்டார்கள். வைட்டமின் டி பொடியை வாரம் ஒன்று பாலில் கலந்து குடித்துக்கொண்டே இருந்தார். என்னிடம் வரும்போது கையில் கோல்.

அவர் கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் நடந்ததைப் பார்த்தேன். வாத்து மாதிரி இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடை. "தரையில உக்காந்து எழுந்திருங்கம்மா" என்றேன். உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தன் முட்டியில் கை ஊன்றி, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே கையால் ஏறுகிற மாதிரி ஏறினார். மனசு நோயில் இது வராது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்தில், உள்பக்கம், பென்சிலால் கீறிய அளவுக்கு ஒரு கோடு. எலும்பு மென்மையாதல் என்கிற நோயின் கோடு அது. எலும்பு இருக்கும், அதில் சுண்ணாம்பு ஏறியிருக்காது. நம் ஊரில் இதற்கு வழக்கமான காரணம் வைட்டமின் டி குறைவு. இவரோ வெயிலில் நிற்கிறவர். மாத்திரையும் பொடியும் மூன்று வருடம் போயிருக்கிறது. ரத்தத்தில் வைட்டமின் டி சரியாகவே இருந்தது, கால்சியமும் சரி. பாஸ்பரஸ் மட்டும் 1.4. பெரியவர்களுக்கு 2.5க்கு மேல் இருக்க வேண்டும். மூன்று வருட ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன். அத்தனை கட்டில் ஒரு தாளில்கூட பாஸ்பரஸ் பார்க்கப்படவே இல்லை.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. எலும்பு வலிக்கு கால்சியம் பார்க்கிறோம், வைட்டமின் டி பார்க்கிறோம், யூரிக் ஆசிட்கூடப் பார்க்கிறோம். செலவு அதிகமில்லாத பாஸ்பரஸ் சோதனையை எழுத மறந்துவிடுகிறோம். எலும்பின் சுண்ணாம்பில் பாதி விஷயமே அதுதான்!

சிறுநீரைச் சோதித்தபோது பாஸ்பரஸ் அதில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. பரம்பரை நோயாக இருந்தால் சின்ன வயதிலேயே கால் வளைந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வயது வரை மூட்டை தூக்கியவருக்குத் திடீரென்று சிறுநீரகம் ஏன் பாஸ்பரஸைக் கொட்டுகிறது? உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்துகொண்டு, எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரகத்தைக் கொட்டச் சொல்கிறது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, பரவாது. பட்டாணி அளவில்கூட இருக்கலாம்.

1947இல் மெக்கான்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வைட்டமின் டி அந்தப் பெண்ணின் உடம்பில் ஏறவில்லை என்பதுதான் அவருடைய முடிவு. தொடை எலும்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்தபிறகு அந்தப் பெண் தேறினார். கட்டிதான் காரணம் என்று அவருக்குப் படவில்லை. 1959இல் சுவிட்சர்லாந்தின் பிராடர்தான், ஒரு சிறுமியின் விலா எலும்புக் கட்டியைக் கை நீட்டிக் காட்டினார். கட்டி சுரக்கும் பொருள் இன்னதென்று பிடிபட 2001 ஆகிவிட்டது.

"உடம்புல எங்கயாவது கட்டி இருக்காம்மா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். தலைமுடிக்குள் விரலால் தடவினேன். ஈறு, தாடை, கழுத்து. முதுகையும் தொடையையும் செவிலியர் அக்கா பார்த்தார். கடைசியில் பாதம். வலது காலில் மெட்டி போட்ட விரலுக்கு நேர் கீழே, உள்ளங்காலில், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு. "அது கால் ஆணிங்க சார். பிளேடுல சீவிக்குவேன்" என்றார். எத்தனை நாளாக இருக்கிறது? யோசித்தார். "நாலு வருசம் இருக்கும்."

வேலூருக்கு அனுப்பி வைத்தோம். உடம்பு முழுக்க எடுத்த காலியம் ஸ்கேனில், சந்தேகப்படும்படி ஒளிர்ந்தது அந்த இடம் ஒன்றுதான். எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் பாஸ்பரஸ் 2.7. நாலு மாதத்தில் கோலை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

பாதத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு குழந்தையையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. நான்கு வயது. முதுகிலும் பிடரியிலும் கட்டிகள். புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், சதையை வெட்டிப் பரிசோதிக்க வேறோர் இடத்தில் நாள் குறித்திருந்தார்கள். இன்னொரு கருத்துக்காக என்னிடம் கொண்டு வந்தார்கள். சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். இரண்டு கால் பெருவிரலும் குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்திருந்தன. "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் சார். நடக்க நடக்கச் சரியாயிடும்னாங்க" என்றார் அம்மா. சதையும் தசைநாரும் எலும்பாக மாறிக்கொண்டே போகும் நோய் அது. எஃப்ஓபி என்பார்கள். பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. காரணமான மரபணுவை 2006இல் கண்டுபிடித்தார்கள். கத்தி வைத்தால், தசையில் ஊசி போட்டால், விழுந்து அடிபட்டால் அந்த இடம் எலும்பாகும். நாள் குறித்திருந்த இடத்துக்கு நானே போன் போட்டேன். மரபணுச் சோதனை பின்னால் உறுதி செய்தது. நோயை நீக்கும் மருந்து என்னிடம் இல்லை. அந்த வெட்டு மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. பெருவிரல் பிறந்த அன்றே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் சொன்ன பையனுக்கு இப்போது முப்பது வயது. மினி லாரி ஓட்டுகிறான். இடது கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டை. செருப்பில் உயரம் கூட்டித் தந்திருக்கிறோம். சம்மணம் போட முடியாது. மூட்டு மாற்று ஆபரேஷனை இன்னும் பத்து வருடமாவது தள்ள வேண்டும் என்பது எங்கள் இருவரின் கணக்கு. வருடம் ஒருமுறை, பொங்கல் முடிந்து, எக்ஸ்ரே எடுக்க வருவான்.

இந்த வருடம் தன் அக்கா பையனையும் கூட்டி வந்திருந்தான். பதினொரு வயது, ஒல்லி, கபடி ஆடுகிறவன். "முட்டி வலின்னான் சார். நேரா இங்க கூட்டிட்டு வந்துட்டேன்." படுக்க வைத்துத் தொடையை மடக்கினேன். நேராக வந்தது. உள்பக்கம் திருப்பினேன், திரும்பியது. அப்புறம் முட்டியைப் பார்த்தேன். முட்டிச்சில்லுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம் சின்ன மேடு. அழுத்தியதும் பையன் துள்ளினான். ஓடியாடும் பிள்ளைகளுக்கு வளரும் வயதில் வருவது. தசைநார் இழுத்து இழுத்து அந்த இடம் வலிக்கும், வளர்ச்சி முடிந்தால் அடங்கிவிடும். கொஞ்ச நாளைக்குக் கபடியைக் குறைக்கச் சொன்னேன். "பயப்பட ஒண்ணுமில்ல, வலி முட்டியிலதான்" என்றேன்.

அவன் தலையாட்டினான். ஆனால் பையனைக் கட்டிலிலிருந்து இறக்கவில்லை. "இன்னொரு தடவ மடக்கிப் பாத்துடுங்க சார்" என்றான்.

மடக்கிப் பார்த்தேன். நேராகத்தான் வந்தது.